இடதுகரை வீதி

காற்று அடங்கிய காலையில்
வீதி எது காடு எதென்று தெரியவில்லை.
மின்கம்பியின்மேல் வாகை,
வாகையின்மேல் குணாளன் கடைத் தகரம்,
தகரத்தின்மேல் ஒரு கோழி,
நனைந்து, கோபமாய், உயிரோடு.

முத்தையன்கட்டுச் சந்திவரை நாலு கிலோமீற்றர்.
பிரதேச சபையின் ஜேசிபி
பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றது.
பாலம் எந்தப் பக்கமும் இல்லை.
ஆகவே நாங்கள்தான்.
முப்பத்தொரு பேர் என்று
சங்கச் செயலாளர் நான் எழுதிக்கொண்டேன்.

மரமரியும் மெசின் ஊரில் ஒன்றுதான்,
அருள்தாசனுடையது.
தவணைக் காசு இன்னும் ஏழு மாதம் கிடக்கிறது.
ஒவ்வொரு மரத்திலும் வைக்குமுன்
கோடாலியின் பின்புறத்தால் தட்டுவான்,
பிறகு எங்கள் முகத்தைப் பார்ப்பான்.

“இது அப்ப கன்று. பயமில்லை.”
“அந்தப் பாலை அப்ப பள்ளத்துக்க நிண்டது, வெட்டு.”
“முதிரையைத் தொடாதை,
அது அப்ப குளக்கட்டைப் பாத்தபடி நிண்டது.”
எந்த வருசம் என்று ஒருவரும் சொல்லவில்லை.
அப்ப என்றால் இங்கே அதுதான்.

தொடாமல் எப்படி? வீதிக்குக் குறுக்கே
நெடுஞ்சாண்கிடையாய்க் கிடந்தது முதிரை.
மெசின் அரைச்சாண் இறங்கி
ஒருமுறை கத்தியது.
சங்கிலி அறுந்து பறந்து
செல்லமுத்துவின் சாரத்தில் ஒரு கிழிசல்,
நல்லவேளை சாரத்தில் மட்டும்.

வெட்டுவாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்த்தோம்.
பெருவிரல் நகமளவு இரும்பு.
சுற்றிவர மை ஊறினதுபோல் மரம்
நீலம் பாரித்திருந்தது.
அதற்கு மேலே நல்ல வைரம்,
அதற்கு மேலே பட்டை.
வெளியே ஒரு தழும்பும் இல்லை.
அருள்தாசன் உளியால் நெம்பியெடுத்து
பால்மா ரின்னுக்குள் போட்டான்.
டங் என்றது.

பிறகு இழுவாள்.
ஒரு முனையில் செல்லமுத்து,
மறுமுனையில் யோகராணி,
ஜெய்ப்பூர்க் காலை அடிமரத்தில் அண்டை கொடுத்து.
“இந்தக் காலுக்கு அட்டை கடிக்காது” என்றாள்.
இழுவாளைத் தள்ளக்கூடாது.
உன் முறைக்கு நீ இழு,
என் முறைக்கு நான்,
இடையில் கையைச் சும்மா விடு.
சும்மா விடத்தான் பழக நாளெடுத்தது.
மத்தியானம்வரை தள்ளித் தள்ளிச்
சண்டை பிடித்தார்கள்.

இரண்டாம் நாள் வன இலாகா ஐயா வந்தார்,
சப்பாத்தைக் கையில் தூக்கியபடி
வாய்க்காலைக் கடந்து.
அடிமரங்களுக்குச் சிவப்பில் இலக்கம் போட்டார்.
வீதியோரத்துக்கு உருட்டலாம்,
வீட்டுக்கு உருட்டக்கூடாது.
மணிக்கட்டிலும் மெல்லிய கொப்பென்றால்
விறகுக்கு எடுக்கலாம்.
கூரை விழுந்த தயாநிதி கேட்டாள்:
“ஆற்ற மணிக்கட்டு ஐயா,
என்ரையோ, உங்கடையோ?”
சிரித்துவிட்டார்.
அவருடையது தடித்த மணிக்கட்டு.
அன்றைக்கு அதுவே அளவானது.

மூன்றாம் நாள் பின்னேரம்
திறந்த வீதியால் முதலில் வந்தது
மின்சார சபை அல்ல.
தென்னங்குற்றிப் பாலத்தில் ஆடி ஆடி
பாண்காரனின் ஓட்டோ,
அதே ரியூனைப் போட்டபடி.
பிசின் ஒட்டின கையோடு
மாலுபணிஸ் தின்றோம்.
கோழி எங்கே போனதென்று
யாருக்கும் தெரியவில்லை.
கேட்கவும் இல்லை,
குணாளன் வீட்டில் கறி மணத்தது.

இரவு மேசை விளக்கில் படிவம் நிரப்பினேன்.
அகற்றிய மரம் நாற்பத்தேழு.
சேதமான உபகரணம்: சங்கிலி, மூன்று.
சேதத்துக்கான காரணம் என்று
ஒரு பெட்டி, இரண்டு விரல் அகலத்தில்.
பேனையை வைத்துக்கொண்டு
கொஞ்சநேரம் இருந்தேன்.
பிறகு எழுதினேன்: பழைய ஆணி.

அருள்தாசன் எட்டிப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
ரின்னைக் கவிழ்த்து
மேசையில் ஒவ்வொன்றாய் எண்ணி
மறுபடி உள்ளே போட்டான்.
“பதினொண்டு எண்டு போடு.”